தலைவர் முதலில் ஏறவேண்டும்

எந்த முழங்காலில் நோ என்று சொல்லியிருந்தோம் என்பது அம்புறோசுக்கு மறந்துபோய்விட்டது.

காலைப் பூசைக்குப் போகும்போது இடது காலை இழுத்து இழுத்து நடந்தது நினைவிருந்தது. திரும்பி வரும்போது தோட்டவெளிச் சந்தியில் ஒரு கழுதை குறுக்கே வந்து நின்றது. அதற்கு விலகி நடந்ததில் இழுக்கும் கால் மாறிவிட்டதோ என்று ஒரு சந்தேகம். இப்போது அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு காலையும் மாறி மாறி நொண்டிப் பார்த்தார். இடது கால் கொஞ்சம் இயல்பாக வந்தது.

"இஞ்சேருங்கோ, எந்தக் காலுக்கு எண்ணெய் போடுறது?" மனைவி மக்டலின் சூடாக்கிய எண்ணெய்க் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றாள்.

"இடது."

"நேற்று வலதெண்டியள்."

"நேற்று வலது, இண்டைக்கு இடது. நோ நடக்குது மக்டலின்."

"நோ நடக்குதெண்டால் நீங்கள் ஏன் நொண்டுறியள்? கதிரையில இருங்கோ. ரெண்டுக்கும் போட்டுவிடுறன். பிளேன் ஏறப்போற ஆள், ஞாயிற்றுக்கிழமைக்கிடையில எழும்பி ஓடவேணும்."

பிளேன் என்ற சொல்லைக் கேட்டதும் அம்புறோசின் இரண்டு முழங்கால்களும் ஒன்றாக நடுங்கின. அது மட்டும் நடிப்பில்லை.

இந்தச் சங்கடத்துக்கெல்லாம் காரணம் கீரிக் கிராமத்தில் பிறந்து ஜேர்மனியில் இருக்கும் கொன்ஸ்ரன்ரைன். வெளிநாடு போன மற்றவர்கள் கோயிலுக்கு மணி அனுப்பினார்கள், விளையாட்டுக் கழகத்துக்குச் சப்பாத்து அனுப்பினார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஒரு கிளைடர் அனுப்பினார். இயந்திரம் இல்லாத விமானம். நீட்டு வெள்ளைச் செட்டை, ஒருவருக்குப் பின்னால் ஒருவராக இரண்டு பேர் இருக்க இடம். முன்னால் கயிற்றைக் கொளுவி வேகமாக இழுத்தால் பட்டம் மாதிரி மேலே போகும். மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, நிலத்துச் சூட்டில் காற்று எங்கே எழும்புகிறதோ அங்கே பருந்து மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கலாம். பறக்கப் பழக்குவதற்குத் தன் மகள் றொஷேலையும் கூடவே அனுப்பியிருந்தார்.

"எஞ்சின் இல்லையெண்டால் எப்பிடி இறங்கிறது?" என்று ஊர் கேட்டது.

"விழுறதுக்கு என்னத்துக்கு எஞ்சின்?" என்று ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது.

ஆனாலும் வந்த பொருளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் வழக்கம் மன்னாரில் இல்லை. விமானம் வந்துவிட்டது, ஆகவே கழகம் வேண்டும். கழகம் என்றால் நிர்வாக சபை வேண்டும், பதாகை வேண்டும், செட்டை போட்ட நீலத் தொப்பி வேண்டும். விமானப் பெட்டியை உடைப்பதற்கு முன்பே தொப்பிகளைத் தைத்தாகிவிட்டது. தொப்பி போட்டவர்களைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு விருந்தினராக அழைத்தார்கள், முன்வரிசையில் இருத்தினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். இரும்புக்கடை சுபாஸ் செயலாளர். ஆணி வாங்க வந்தவர்களுக்குக்கூட, காற்றில் எப்படித் திரும்புவது என்று கையை விரித்துக் காட்டிய பிறகுதான் ஆணி நிறுத்துக் கொடுப்பார். யோசேப்பு பொருளாளர். அவர் சைக்கிள் ஓடும்போதும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

தலைவர் அம்புறோஸ்.

இதைக் கேட்ட அன்று மக்டலின் அழுதாள். ஏனென்றால் அம்புறோஸ் அதுவரை எதற்கும் தலைவராக இருந்ததில்லை. சங்கக் கடையில் உதவி முகாமையாளர். பங்குச் சபையில் உப தலைவர். வாசிகசாலையில் இணைச் செயலாளர். எந்தக் கூட்டமென்றாலும் அவருக்குக் கொடுப்பது நன்றியுரைதான். அவர் எழும்பி "இறுதியாக" என்று சொன்னதும் சனமும் எழும்பிவிடும். தேத்தண்ணியும் றோல்சும் கொடுக்கும் பக்கமாகப் போய்விடும். அவர் பாட்டுக்கு, அடுக்கிக்கொண்டிருக்கும் கதிரைகளுக்கு நன்றி சொல்லி முடிப்பார்.

அப்படிப்பட்டவரைத் தலைவராகப் போடவேண்டும் என்று முன்மொழிந்தவர் சுபாஸ். யோசேப்பு வழிமொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

அதே கூட்டத்தில் சுபாஸ் இன்னொரு விடயத்தையும் நினைவூட்டினார். கீரியில் கரைவலைக்காரருக்கு ஒரு முறை இருக்கிறது. பருவத்தின் முதல் வலை வளைக்கிற நாளில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார்தான் வள்ளத்தில் முதல் கால் வைக்கவேண்டும். அவர் ஏறாமல் வேறு ஒருவரும் ஏறக்கூடாது. ஏறினால் அந்த வருடம் முழுக்க வலையில் சாதாளைப் பாசிதான் வரும், மீன் வராது.

"கடலுக்கு உள்ள முறை வானத்துக்கும் பொருந்தும்தானே?" என்றார் சுபாஸ். "தலைவர்தான் முதல் ஏறவேணும். அவர் ஏறும்வரைக்கும் நாங்கள் ஒருத்தரும் தொடக்கூடாது. அதுதான் மரியாதை."

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டலுக்கு நடுவில் அம்புறோஸ் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு உயரம் என்றால் பயம். கதிரையில் ஏறி மின்குமிழ் மாற்றமாட்டார். ஒரு நத்தாருக்குக் கோயில் முகப்பில் நட்சத்திரம் கட்டவென்று ஏணியில் ஏறினவர், பாதியில் கீழே பார்த்துவிட்டார். பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செபமாலையின் சந்தோஷக் காரணிக்கம் முழுவதையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கமாக வந்த சுபாஸ்தான் ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கினார். "மாதாவாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அண்ணை" என்று நெஞ்சில் சிலுவையும் போட்டார். மக்டலினுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

தெரிந்தும் சுபாஸ் ஏன் தன் பெயரை முன்மொழிந்தார் என்று அம்புறோஸ் யோசித்துப் பார்த்ததுண்டு. மறந்திருப்பார் என்று முடிவுக்கு வந்தார். நல்ல நண்பன் என்றால் மற்றவனுடைய வெட்கத்தை மறந்துவிடத்தான் செய்வான்.

பறப்பதற்கு அனுமதி கேட்டுக் கொழும்புக் கந்தோருக்கு எழுதியிருந்தார்கள். பதில் வர ஐந்தாறு வருடமாகும் என்று அம்புறோஸ் மலைபோல் நம்பியிருந்தார். அது அடுத்த மாதமே வந்து நின்றது. அரசாங்கம் ஒரு மனிதனை இப்படிக் கைவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் முழங்கால் நோ தொடங்கியது.

நிர்வாக சபை கூடுவது பாலர் பாடசாலையில். குழந்தைகளின் சின்னக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, நீலத் தொப்பிகளோடு எல்லோரும் இருந்தார்கள். அம்புறோஸ் நொண்டிக்கொண்டு வந்து இருந்தார்.

"எனக்கு முழங்கால் ஏலாமல் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை..."

அவர் முடிக்கவில்லை, சுபாஸ் எழும்பிவிட்டார். அவரோடு கதிரையும் சேர்ந்து எழும்பியது.

"தலைவற்ற கால் எண்டால் அது கழகத்தின்ர கால்! கால் சுகமாகும்வரைக்கும் பிற்போடுவம். அவசரம் ஒண்டுமில்லை."

"ஆமோதிக்கிறன்," என்றார் யோசேப்பு.

ஏகமனதாக நிறைவேறியது. அம்புறோசுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அன்பான மனிதர்கள்!

"பிரச்சினை இல்லை, அங்கிள்," என்றாள் றொஷேல். இருபத்தைந்து வயது, கட்டையாக வெட்டிய தலைமயிர், எதற்கும் வளைந்து பேசத் தெரியாது. அவளுடைய "பிரச்சினை இல்லை"யைக் கேட்டாலே அம்புறோசுக்கு வியர்க்கும். "காலால மிதிக்கிற வேலையைப் பின்சீற்றில இருந்து நான் செய்வன். நீங்கள் முன்னுக்கு சும்மா இருந்தால் காணும். ஆனால் கால் சுகமாக ரெண்டு கிழமையாவது எடுக்கும், அதுவும் நல்லதாப் போச்சு. வின்ச்சைத் திருத்தலாம்."

வின்ச் என்பது நஸாரின் உழவு இயந்திரத்தில் பூட்டியிருந்த உருளை. கரைவலைக் கயிற்றைச் சுற்றி இழுப்பது. கீரிக் கடற்கரையில் வலை இழுக்கிற நஸார்தான் கிளைடரையும் இழுப்பதாக ஏற்பாடு. அந்த உழவு இயந்திரத்தின் வலுவுக்கு விமானம் பனை உயரத்துக்கு எழும்பி, உடனே இறங்கிவிடும் என்று றொஷேல் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். முதல் நாளுக்கு அது போதும் என்றும் சொல்லியிருந்தாள். அம்புறோசுக்கு இது தெரியாது.

இரண்டு கிழமையில் நஸார் எங்கோ உடைந்து கிடந்த பஸ் ஒன்றின் எஞ்சினைக் கொண்டுவந்து வின்ச்சுக்குப் பூட்டிவிட்டார். றொஷேலும் அவரும் பக்கத்துத் தரவை வெளியில் மண் மூட்டையைக் கட்டி இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

"முந்தி பனை உயரம்தான், அண்ணன்," என்றார் நஸார், சந்தோஷமாக. "இப்ப பனைக்கு மேல பனை வச்சு, அதுக்கு மேல பனை வச்சு, இன்னும் வச்சுக்கொண்டே போங்கோ. உங்கட கால் நோவாலதான் எல்லாம். அல்லா உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவான்."

அம்புறோசின் முழங்கால் அன்றே சுகமாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் அவர் றொஷேலிடம் தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்டார். "பிள்ளை, இதில ஏறுற ஆளின்ர நிறைக்கு ஏதும் கட்டுப்பாடு இருக்கோ?"

"ஓம் அங்கிள், கட்டாயம். ஒரு அளவு இருக்கு. அதில..."

மிச்சத்தைக் கேட்க அம்புறோஸ் நிற்கவில்லை. வேகமாக வீட்டுக்கு வந்தார். "மக்டலின், பசிக்குது," என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து மக்டலின் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. அரைப் புட்டோடு எழும்புகிற மனிதர் அவர். அவள் நண்டுக்கறி வைத்தாள், கணவாய் பொரித்தாள், பாப்பாமோட்டையிலிருந்து தங்கை கொண்டுவந்த தயிரைச் சட்டியோடு முன்னால் வைத்தாள். அம்புறோஸ் விடியவும் சாப்பிட்டார், மத்தியானமும் சாப்பிட்டார், இரண்டுக்கும் நடுவிலும் சாப்பிட்டார். பின்னேரம் யோசேப்பு ஒரு பெட்டி பற்றிஸ் கொண்டுவந்தார்.

"சாப்பிடுங்கோ தலைவர். பாரம் கூடினாலும் பரவாயில்லை. ஏலாதெண்டால் ஏலாதுதானே. நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம்."

இந்த மனிதருக்குத்தான் என்மேல் என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டு அம்புறோஸ் இன்னொரு பற்றிசை எடுத்தார்.

நிறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. கீரி மீன் வாடியில் திருக்கை நிறுக்கும் பெரிய தராசு தொங்கியது. மீன் பெட்டிக்குள் தலைவரை இருத்தி, நான்கு பேர் தூக்கிக் கொக்கியில் கொளுவினார்கள். பெட்டி நிலத்திலிருந்து ஒரு சாண் எழும்பியதும் அம்புறோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது முழுசாவோ, வெட்டித் தருவியளோ?" என்று கறிக்கு மீன் வாங்க வந்த ஒரு மனிசி கேட்டாள்.

றொஷேல் தராசின் முள்ளைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். கையைத் தட்டினாள்.

"அங்கிள், நீங்கள் கெட்டிக்காரன்! முந்தி உங்கட நிறை காணாமல் இருந்தது. முன்சீற்றுக்கு ஒரு அளவுக்குக் குறைஞ்சால் ஏறக்கூடாது. ஈயம் வாங்கிச் சீற்றுக்குக் கீழ வைக்கிறதெண்டு யோசிச்சனான். இப்ப சரியான நிறை. ஒரு துண்டு ஈயமும் தேவையில்லை!"

"கூடப் போகேல்லையோ?" சுபாஸ் எட்டிப் பார்த்தார். அவருடைய குரல் ஏனோ தளர்ந்திருந்தது. "தராசு பிழையாய் இருக்கலாம். திருப்பி நிறுப்பமோ?"

"என்ர தராசு பிழையெண்டு ஆர் சொன்னது?" என்று வாடிக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அம்புறோசிடம் இனி ஒரேயொரு வழிதான் இருந்தது. அவர் பங்குச் சுவாமியாரிடம் போனார்.

"சுவாமி, இப்பிடி ஒரு காரியத்தை ஆசீர்வாதம் இல்லாமல் தொடங்கக்கூடாதெண்டு என்ர மனசு சொல்லுது. உங்களுக்கு நேரமில்லையெண்டும் எனக்குத் தெரியும். திருநாள் முடியட்டும், பெருநாள் முடியட்டும், மழை முடியட்டும். அடுத்த வருசம் எண்டாலும் நாங்கள் காத்திருப்பம்."

சுவாமியார் அவரை வியப்போடு பார்த்தார். தன் பங்கில் இப்படி ஒரு விசுவாசி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

"அம்புறோஸ், உம்மட விசுவாசம் பெரிசு. நேரத்தை நான் உண்டாக்கிறன்." நாட்காட்டியைத் தட்டினவரின் முகம் மலர்ந்தது. "இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாள்!"

அம்புறோஸ் நாட்காட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "சுவாமி... அண்டைக்கு மேல போனவர் திரும்பி வரேல்லை."

"திரும்பி வருவாரெண்டுதானே நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறம்!" என்று சுவாமியார் அவருடைய தோளில் தட்டினார்.

அடுத்த ஞாயிறு எல்லாப் பூசையிலும் அறிவித்தல் வாசித்தார்கள். தரவையில் கழகத்துக்காரர் மட்டும் நின்று பார்ப்பதாக இருந்த காரியத்துக்கு இப்போது பாண்ட் வாத்தியம், பந்தல், ஒலிபெருக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிவகுப்பு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. சுபாஸ் வீட்டுக்கு ஓடி வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"என்ன அண்ணை செய்துபோட்டியள்? சும்மா இருந்திருக்கலாமெல்லோ! இன்னும் காலம் போகேல்லை. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ. நான் கூட்டத்தைக் கூட்டி ஏகமனதா நிறைவேற்றிறன்."

அம்புறோஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தச் சகோதரன்கூட இப்படிப் பதறமாட்டான்.

காய்ச்சல் என்று சொல்லத்தான் அவரும் இருந்தார். விண்ணேற்றத் திருநாள் விடிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "மக்டலின், எனக்கு உடம்பு..." என்று தொடங்கினார்.

மக்டலின் கையில் ஒரு நீல மேற்சட்டை இருந்தது. நெஞ்சில் வெள்ளை நூலால் செட்டை, அதற்குக் கீழே "தலைவர்" என்று பின்னியிருந்தாள். ஒரு மாதமாக அவருக்குத் தெரியாமல் தைத்திருக்கிறாள்.

"போட்டுப் பாருங்கோ. வயிறு கொஞ்சம் வச்சிட்டுது, தையலை விட்டுத்தான் தைச்சனான்." பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். "இஞ்சேருங்கோ, உங்கட நன்றியுரை எல்லாத்துக்கும் நான் கடைசிவரைக்கும் இருந்தனான், தெரியுமோ? எல்லாரும் எழும்பிப் போவினம். கதிரை அடுக்கிற சத்தத்துக்குள்ள நீங்கள் ஒவ்வொரு பேராச் சொல்லிக்கொண்டு நிப்பியள். என்ர மனுசனை ஒரு நாளைக்கு இந்தச் சனம் நிண்டு பாக்கவேணுமெண்டு நேர்த்தி வச்சனான். இண்டைக்கு ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டினம். ம், என்ன சொல்ல வந்தனீங்கள்? உடம்புக்கு என்ன?"

அம்புறோஸ் அவளைப் பார்த்தார். சொன்னால் இந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. எந்தப் பக்கத்துப் பயம் பெரிது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்டுமில்லை. உடம்புக்கு அளவாயிருக்கு," என்றார்.

தரவை நிறையச் சனம். கழுதைகளும் வந்திருந்தன. ஓடுபாதையில் நின்ற கழுதைகளைப் பாண்ட் வாத்தியம் கலைத்தது. கலைந்த கழுதைகள் பந்தலுக்குள் போய் முன்வரிசையில் நின்றன. சுவாமியார் கிளைடருக்குத் தீர்த்தம் தெளித்தார். மிச்சத்தை அம்புறோஸ் கேட்டு வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். றொஷேல் அவரை முன்சீற்றில் இருத்தி, வார்களை இறுக்கி, கண்ணாடி மூடியை மூடினாள். பின்சீற்றிலிருந்து வோக்கி டோக்கியில் தரவையின் மற்றக் கரையில் நின்ற நஸாருக்குச் சொன்னாள்: "இழுங்கோ!"

கயிறு இறுகியது. கிளைடர் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. மாட்டு வண்டிபோல ஆடி ஆடி, மெதுவாக, மிக மெதுவாக. சனமும் கூடவே நடந்தது. ஒரு கிழவர் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். வலை இழுத்துப் பழகிய நஸாரின் கை அப்படித்தான் போகும். திடீரென்று இழுத்தால் வலையின் மடி கிழியும், மீன் போய்விடும்.

அம்புறோசுக்கு உயிர் வந்தது. மூடிக்குள் இருந்தபடியே சனத்துக்குக் கை காட்டினார். இதுதான் பறப்பது என்றால் நாளைக்கும் பறக்கலாம்!

ஒலிபெருக்கியில் சுபாஸ் அவசரமாகக் கத்தினார். "எங்கள் தலைவர் வெற்றிகரமாகப் பயணம் செய்துவிட்டார்! இறுதியாக, வருகை தந்த அனைவருக்கும் நன்றி! பந்தலில் றோல்ஸ்..."

"முடியேல்லை!" றொஷேல் மூடியைத் திறந்து சத்தம் போட்டாள். "ஒருத்தரும் போகாதேங்கோ!" பிறகு வோக்கி டோக்கியில், "நஸார் அண்ணா, இது மீன் இல்லை. கிழியாது. மூட்டை இழுத்த மாதிரி இழுங்கோ!"

கிளைடரைத் தள்ளிக்கொண்டுபோய்த் திரும்பவும் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். மற்றக் கரையில் பஸ் எஞ்சின் உறுமியது.

அதற்குப் பிறகு நடந்ததை அம்புறோஸ் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருந்தார். முதுகை யாரோ உதைத்த மாதிரி இருந்தது. வயிறு தரவையிலேயே நின்றுவிட்டது, மிச்ச உடம்பு மட்டும் மேலே போனது. புனிதர்களின் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அவசரத்தில் அந்தோனியார், செபஸ்தியாரோடு சங்கக் கடை மாஜி முகாமையாளரையும் கூப்பிட்டுவிட்டார்.

டக்கென்று ஒரு சத்தம். கயிறு கழன்றது.

பிறகு ஒரு சத்தமுமில்லை. மெல்லிய காற்று மட்டும் செட்டையைத் தடவிக்கொண்டு போனது.

"அங்கிள், கண்ணைத் திறவுங்கோ."

"திறந்துதான் இருக்கு."

"பொய். பின்னால இருந்து உங்கட தோளைப் பாக்க எனக்குத் தெரியுது. திறவுங்கோ."

ஒரு கண்ணைத் திறந்தார். இரண்டு பக்கமும் கடல். நடுவில், காயப்போட்ட சேலை மாதிரி நீண்டு கிடந்தது மன்னார்த் தீவு. கோயில் தீப்பெட்டி அளவில் இருந்தது. ஒரு காலம் அவருடைய மானத்தைக் கெடுத்த அந்த முகப்பு, தீப்பெட்டியின் ஒரு ஓரம். பக்கத்தில், கை நீட்டினால் தொடலாம் போல, ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அது அம்புறோசை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

பயம் வரும் என்று அம்புறோஸ் காத்திருந்தார். வரவில்லை. ஏணியில் நின்றபோது ஒவ்வொரு படியும் கீழே இருக்கும் நிலத்தை ஞாபகப்படுத்தியது. இங்கே படியே இல்லை. மற்றக் கண்ணையும் திறந்தார். கீழே நீலப் புள்ளியாகப் பந்தலும் அதைச் சுற்றிக் கடுகு தூவினதுபோலச் சனமும் தெரிந்தன. ஒரு கடுகும் எழும்பிப் போகவில்லை.

"இறங்குவமோ, அங்கிள்?"

"என்ன அவசரம்?" என்றார் அம்புறோஸ். "இன்னொருக்கா சுத்துவம், பிள்ளை."

கிளைடர் தரவையைத் தொட்டு, ஓடி, நின்றது. பாண்ட் வாத்தியம் எல்லாப் பாட்டையும் ஒன்றாக வாசித்தது. மக்டலின் மாலையைப் போடுவதற்குப் பதிலாக மாலையோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். சுவாமியாரும் பார்த்தார், கழுதைகளும் பார்த்தன. அவளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

அம்புறோஸ் தன் நிர்வாக சபையைத் தேடினார். பந்தலின் மூலையில் சாவீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். யோசேப்பு முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தனக்கு என்ன ஆகுமோ என்று இவ்வளவு நேரமும் பயந்திருக்கிறார்கள்! அம்புறோஸ் ஓடிப்போய்ச் சுபாசின் கையைப் பற்றினார்.

"பயப்பிடாதையும், சுபாஸ். பாரும், நான் வந்திட்டன்."

"ஓம் அண்ணை," என்றார் சுபாஸ். "வந்திட்டியள்."

பின்னால் றொஷேல் வந்தாள். "சரி, சம்மாட்டியார் ஏறி இறங்கியாச்சு. இனி உங்கட முறைப்படி எல்லாரும் ஏறலாம். காத்து நல்லாயிருக்கு, நஸார் அண்ணாவும் றெடி. அடுத்தது செயலாளர். பேந்து பொருளாளர். வாங்கோ அங்கிள், பிரச்சினை இல்லை."

சனம் கைதட்டியது. சுபாஸ் அசையவில்லை. அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஒன்றாக நடுங்குவதை அம்புறோஸ் பார்த்தார். அந்த நடுக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம்.

றோல்ஸ் தட்டோடு வந்த சுபாசின் மனைவி அன்ரோனெற், தட்டை அப்படியே ஒரு கழுதைக்கு முன்னால் வைத்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"ஏனப்பா, அம்புறோஸ் அண்ணை ஏணியிலயே ஏறமாட்டார், அவரைத் தலைவராப் போட்டால் நாங்கள் ஒருத்தரும் பறக்கத் தேவையில்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"